மாலையைக் கழற்றிய பிறகும் குடியும் சிகரெட்டும் திரும்பாமல் இருக்க

கேள்வி: எனக்கு 39 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நாளைக்கு 12 முதல் 15 சிகரெட் ஆகிவிடும். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் நண்பர்களோடு என்று ஆரம்பித்த குடி, இப்போது தினமும் ராத்திரி ஒரு குவார்ட்டர் என்று ஆகிவிட்டது. பல வருடமாக சபரிமலைக்கு மாலை போடுகிறேன். அந்த 48 நாளும் இரண்டையும் தொட மாட்டேன். மலை இறங்கி மாலையைக் கழற்றினால் அன்றைக்கே பழையபடி ஆகிவிடுகிறது. இந்த முறை மாலை போட்டதும் இரண்டு மூன்று நாள் கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது, தூக்கமே இல்லை. இன்னும் இரண்டு வாரத்தில் மலைக்குப் போகிறோம். மனசை மாற்றிக்கொண்டால் ஒரேயடியாக விட்டுவிடலாம் என்கிறார்கள். எப்படி மாற்றுவது? சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்க ஒரு பொடி இருப்பதாக என் மனைவியிடம் அவளுடைய அண்ணன் சொல்லியிருக்கிறார். அதைக் கொடுக்கலாமா?
(பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்: முதலில் அந்தக் கை நடுக்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மற்ற எல்லாவற்றையும்விட அது அவசரம்.

ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. 42.8 சதவீதச் சாராயச் சத்து உள்ள பிராந்தி, விஸ்கி என்றால் அதில் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. நாங்கள் மருத்துவத்தில் 10 கிராமை ஓர் அளவு என்று கணக்கு வைக்கிறோம். அப்படிப் பார்த்தால் நீங்கள் தினமும் ஆறு அளவு குடித்துக்கொண்டிருந்தீர்கள். மூளை அதற்குப் பழகிவிட்ட பிறகு ஒரே நாளில் நிறுத்தினால் நரம்பு மண்டலம் முறுக்கேறி நிற்கும். கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலிருந்தே நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். சிலருக்கு முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரும். இன்னும் சிலருக்கு இரண்டாம், மூன்றாம் நாளில் இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிவது, நாள் கிழமை குழம்பிப் போவது என்று உயிருக்கே ஆபத்தான நிலை வரும். உங்களுக்கு நடுக்கத்தோடு போய்விட்டது. முன்பு இப்படி வந்ததாக நீங்கள் எழுதவில்லை. இந்த வருடம் வந்திருக்கிறது என்றால் உடம்பு முன்னைவிட அதிகமாகக் குடிக்கு அடிமைப்பட்டிருக்கிறது என்று பொருள். குடித்து, நிறுத்தி, மறுபடி குடித்து, மறுபடி நிறுத்தும்போது ஒவ்வொரு முறையும் இந்த விடுபடும் அவஸ்தை கூடக்கூடும்.

'நாளைக்கு மாலை, இன்னைக்கு ஒரு நாள்தானே' என்று முதல் நாள் ராத்திரி நிறையக் குடித்துவிட்டு, விடியற்காலையில் குளித்து மாலை போட்டுக்கொள்ளும் வழக்கம் நம் ஊரில் உண்டு. தினமும் குடிப்பவர்கள் தயவுசெய்து இதைச் செய்ய வேண்டாம். மாலை போடுவதற்குச் சில நாள் முன்பே மருத்துவரைப் பார்த்தால், நரம்பைத் தணிக்கும் மாத்திரையைச் சில நாள் கொடுத்து, படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். தயமின் என்ற வைட்டமின் பி1-ம் கொடுப்பார். அது குறைந்தால் நிரந்தர மறதி வரைக்கும் போய்விடும்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். இன்றைக்கு நீங்கள் மிக நல்ல இடத்தில் நிற்கிறீர்கள், உங்களுக்கே அது தெரியவில்லை. கடைசி சிகரெட்டுக்குப் பிறகு மூன்று நான்கு நாளில் நிகோடின் உடம்பை விட்டுப் போய்விடும். எரிச்சல், பசி, கவனம் சிதறுவது எல்லாம் முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு வாரத்தில் அடங்கும். நீங்கள் அதையெல்லாம் தாண்டிவிட்டீர்கள். மலை இறங்கியதும் நீங்கள் பற்றவைக்கும் அந்த முதல் சிகரெட்டை உடம்பு கேட்பதில்லை. இத்தனை வருடம் அது 'உடம்பு கேட்கிறது' என்றே நினைத்திருப்பீர்கள்.

பிறகு எது கேட்கிறது? மாலை போட்டிருக்கும்போது என்னென்ன மாறுகிறது என்று பாருங்கள். விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளியல். கறுப்பு வேட்டி, வெறுங்கால். டீக்கடையில் உங்களைப் பார்த்ததும் கடைக்காரர் சிகரெட் பெட்டிப் பக்கம் கை வைப்பதில்லை. கம்பெனியில் நேற்றுவரை 'மாஸ்டர், வர்றீங்களா' என்று கூப்பிட்டவர் இன்றைக்கு 'சாமி' என்று ஒதுங்கி வழிவிடுகிறார். வீட்டில் தனிச் சமையல். முக்கியமாக, ராத்திரி ஏழு மணிக்கு, வழக்கமாக டாஸ்மாக் பக்கம் கால் போகும் அதே நேரத்தில், நீங்கள் பஜனையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். சாயங்காலம், நட்பு, பணம், பசி, தூக்கம் எல்லாமே இடம் மாறிவிட்டன. இதில் மன உறுதியின் பங்கு நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. இன்னொன்றும் இருக்கிறது. 'இன்னைக்குக் குடிக்கலாமா வேண்டாமா' என்ற வாக்குவாதமே உங்கள் மனதுக்குள் நடப்பதில்லை, ஏனென்றால் அது முதல் நாளே தீர்ந்துபோன விஷயம். தவக்காலத்தில் நாற்பது நாள் நிறுத்தும் கிறிஸ்தவர்களிடமும், ரமலான் மாதம் முழுக்க சிகரெட்டைக் குறைத்துவிடும் இஸ்லாமியர்களிடமும் இதையே பார்க்கிறேன்.

ஆனால் அந்த முதல் நாள் முடிவில் ஒரு தேதி இருக்கிறது. 48 நாளும் மனம் அந்தத் தேதியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் கழற்றிய அன்றே திரும்புகிறது. விட்டுவிட்டதாக மனம் நினைக்கவில்லை, தள்ளிவைத்ததாகத்தான் நினைக்கிறது. மனசை மாற்றுவது என்று நீங்கள் கேட்டது இந்த இடத்தில்தான். ஆசையே வராமல் செய்வது யாராலும் முடியாது. 'இன்னும் 14 நாள் தொட மாட்டேன்' என்று இருக்கும் உள்பேச்சை 'நான் குடிக்கிற ஆள் இல்லை' என்று மாற்றுவது முடியும். அதை வெறுமனே சொல்லிப் பார்த்தால் மனம் நம்பாது. அதற்குச் சான்று வேண்டும், அந்தச் சான்று இந்த ஐந்து வாரத்தில் உங்களிடமே சேர்ந்திருக்கிறது.

ஒரு நோட்டு வாங்குங்கள். 'சிகரெட் இல்லாமல் டென்ஷன் குறையாது' என்று நம்பியிருப்பீர்கள். இந்த வாரம் கட்டிங் டேபிளில் அளவு தப்பியபோது, ஷிப்மென்ட் நெருக்கியபோது, சிகரெட் இல்லாமல் எப்படிச் சமாளித்தீர்கள்? எழுதுங்கள். நிகோடின் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அந்தக் குறைவு கொடுக்கும் பதற்றத்தைத்தான் அடுத்த சிகரெட் தணித்துக்கொண்டிருந்தது. அதாவது தான் உண்டாக்கிய டென்ஷனைத் தானே குறைத்தது. 'குடித்தால்தான் தூக்கம் வரும்' என்பதும் இப்படித்தான். குடித்தால் சீக்கிரம் கண் சொக்கும், ஆனால் பாதி ராத்திரிக்குமேல் தூக்கம் துண்டு துண்டாகிவிடும். இப்போது எப்படித் தூங்குகிறீர்கள், காலையில் எழுந்தால் வாய் எப்படி இருக்கிறது, பிள்ளைகள் எவ்வளவு நெருங்கி வந்து பேசுகிறார்கள் என்று எழுதுங்கள். உங்கள் கையெழுத்தில் இருப்பதை உங்கள் மனம் மறுக்க முடியாது. பிள்ளை தலையில் கை வைத்துச் சத்தியம் மட்டும் செய்யாதீர்கள். ஒருமுறை தவறினால் அந்தக் குற்ற உணர்ச்சியே அடுத்த குவார்ட்டருக்குக் காரணமாகிவிடுகிறது. என்னிடம் வருபவர்களில் சத்தியம் செய்யாதவர் குறைவு.

அடுத்தது அந்த நாள். மலை இறங்கியதும் வழியிலேயே மாலையைக் கழற்றிவிட்டு வண்டியிலேயே ஆரம்பித்துவிடும் கூட்டங்கள் உண்டு. நீங்கள் யாரோடு திரும்புகிறீர்கள் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். குருசாமியிடம் தனியாகப் போய், 'சாமி, இந்தத் தடவை விட்டதை விட்டதாகவே வைத்துக்கொள்ளப் போகிறேன், என்னோடு இருங்கள்' என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்து அம்மா கையாலோ கோயிலிலோ மாலையைக் கழற்றுங்கள். அன்று ராத்திரி ஏழிலிருந்து பத்துவரை எங்கே இருப்பீர்கள், யாரோடு இருப்பீர்கள், எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள் என்று நோட்டில் எழுதிவையுங்கள். 'இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன்' என்று முன்கூட்டியே குறிப்பாக முடிவு செய்தவர்கள், பொதுவாக 'முயற்சி செய்கிறேன்' என்றவர்களைவிட அதிகம் நிறைவேற்றுகிறார்கள் என்பதை பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் ஆராய்ந்து காட்டியிருக்கிறார். எங்கள் அனுபவமும் அதுதான்.

விரத வாழ்க்கையிலிருந்து மூன்று விஷயங்களைக் கழற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள்: விடியற்காலைக் குளியல், சீக்கிரம் ராத்திரிச் சாப்பாடு, சனிக்கிழமை பஜனை. ஏழு மணிக்கு வருவது பல நேரம் வெறும் பசி. அதைக் குடி ஆசை என்று மனம் தப்பாகப் படித்துவிடும். கம்பெனி விடும்போதே இரண்டு வாழைப்பழமோ ஒரு கை வேர்க்கடலையோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். சனிக்கிழமைச் சம்பளம் நேராக மனைவியின் கணக்குக்குப் போகட்டும், பையில் பெட்ரோலுக்கு மட்டும் இருந்தால் போதும். கடை வழியாகப் போகும் ரோட்டை விட்டுவிட்டு, சுற்றானாலும் வேறு ரோட்டில் போங்கள். கூப்பிடுகிற நண்பரிடம் நீளமாக விளக்க வேண்டாம். 'விட்டாச்சுங்க' என்ற ஒரு வார்த்தை போதும். விளக்கினால் அவர் பதில் வைத்திருப்பார். கல்யாண வீடும் எழவு வீடும் இதில் கடினமான இடங்கள். எழவு வீட்டில் ராத்திரி தங்க வேண்டி வந்தால் மனைவியோடோ அம்மாவோடோ போய், எடுத்ததும் திரும்பிவிடுங்கள்.

'பீர் மட்டும்' என்று ஒரு யோசனை கட்டாயம் வரும். 8 சதவீதம் உள்ள 650 மில்லி ஸ்ட்ராங் பீர் ஒரு பாட்டிலில் சுமார் 41 கிராம் ஆல்கஹால் இருக்கிறது, நாலு அளவு. தினமும் குடித்து நடுக்கம் கண்டவருக்கு 'கொஞ்சமாக' என்ற வழி பெரும்பாலும் நிலைப்பதில்லை என்பது என் தீர்மானமான கருத்து. ஐந்து வாரம் நிறுத்தியதில் உடம்பின் தாங்கும் சக்தியும் குறைந்திருக்கும். பழைய குவார்ட்டரை அப்படியே குடித்துவிட்டு பைக் எடுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இரண்டையும் சேர்த்தே விடுங்கள். ஒரு பெக் உள்ளே போனால் அடுத்த நிமிடம் விரல் சிகரெட் தேடும், அது உங்களுக்கே தெரிந்ததுதான்.

சிகரெட்டுக்கு டீ தனிச் சிக்கல். டீக்கடையில் நின்றபடி குடிக்காமல் வாங்கிக்கொண்டு கம்பெனிக்குள் போய்க் குடியுங்கள். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. சிகரெட் புகையில் இருக்கும் சில பொருட்கள், காஃபினை ஈரல் வேகமாகக் கரைக்கும்படி செய்துகொண்டிருந்தன. நிறுத்திய பிறகு அதே நாலு டீ கூடுதலாகவே ஏறும். படபடப்பு, தூக்கமின்மை வந்தால் சிகரெட் இல்லாததால் என்று நினைக்காமல் டீயைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். காலைக்கடனுக்கு சிகரெட் வேண்டும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: நிகோடின் குடலைத் தூண்டுவது உண்மை, நிறுத்தினால் சில வாரம் மலச்சிக்கல் வரலாம். வெந்நீர், கீரை, பழம், நடை இவற்றில் சரியாகிவிடும்.

விரதத்தில் இல்லாமல் இன்றைக்கு நிறுத்த நினைக்கும் மற்ற வாசகர்கள் நிகோடின் சூயிங்கம் பயன்படுத்தலாம். எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பிடிப்பவருக்கு 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2 மில்லிகிராம். பெரும்பாலோர் இதை பபிள்கம்போல மென்று தள்ளிவிட்டு 'வேலை செய்யவில்லை' என்கிறார்கள். மெதுவாகச் சில தடவை மென்று, மிளகு போல் காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவைக்க வேண்டும். காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம். டீ, காபி குடித்துக் கால் மணி நேரம் கழித்துத்தான் போட வேண்டும். எச்சிலோடு விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 இலவச எண்ணில் பேசலாம்.

அந்தப் பொடி வேண்டாம். எந்தப் பொடி என்று யாருக்கும் தெரியாது. அப்படி விற்கப்படுபவற்றில் டைசல்ஃபிரம் என்ற மருந்து கலந்திருக்கலாம். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, உயிரே போகலாம். அது நல்ல மருந்துதான், ஆனால் சாப்பிடுபவர் தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் சாப்பிட வேண்டும். உங்கள் மனைவியிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அவர் பயத்தில் கேட்டிருக்கிறார், கோபப்பட வேண்டாம். குடி ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன. ஈரல், சிறுநீரகப் பரிசோதனை செய்துவிட்டுத் தருவார்கள். மலைக்குப் போவதற்கு முன்பே ஒரு நாள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு இருவரும் சேர்ந்து போய் வாருங்கள், அங்கே சிகிச்சை இலவசம். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்கும் காசு இல்லை, பெயர் கேட்க மாட்டார்கள்.

ஒருவேளை என்றாவது ஒரு நாள் குடித்துவிட்டால், 'அவ்வளவுதான், எல்லாம் போச்சு' என்ற நினைப்பு மறுநாள் வரும். குடித்த ஒரு நாளைவிட அந்த நினைப்புதான் ஆளை முழுதாகக் கவிழ்க்கிறது என்பதை ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் விரிவாக எழுதியிருக்கிறார். அன்றைக்கே குருசாமிக்கோ மனைவிக்கோ சொல்லுங்கள், எந்த இடத்தில், எந்த நேரத்தில், யாரோடு நடந்தது என்று நோட்டில் எழுதுங்கள், மறுநாள் விடியற்காலைக் குளியலை விடாதீர்கள். தொடர்ந்து சில நாள் குடித்துவிட்டால் மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம், இந்த முறை வந்த நடுக்கத்தைச் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். ராத்திரி நேரத்தில் மனம் தாங்காவிட்டால் 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். வலிப்போ மனக் குழப்பமோ வந்தால் வீட்டில் இருப்பவர்கள் காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.