ஷ்லோமோ கார்லெபாக்: ஜெபத்திலிருந்து தெருவுக்கு வந்த பாட்டு (கேள்வி பதில்)

யூத ரபி (மதகுரு), பாடகர், பாட்டுக்காரர் ஷ்லோமோ கார்லெபாக்கின் இசையைப் பல வருஷமாகக் கேட்டு வருகிறேன். அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தும் இருக்கிறேன். வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, இந்தப் பெயரையே நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். முதலில் ஆள் யார் என்று சொல்லுங்கள்.

1925 ஜனவரி 14 அன்று பெர்லினில் பிறந்தார். தலைமுறை தலைமுறையாக ரபிகள் வந்த குடும்பம். அப்பா நப்தலி கார்லெபாக், வியன்னாவுக்குப் பக்கத்தில் உள்ள பாடன் ஊரில் ரபியாக இருந்தார். 1938இல் ஆஸ்திரியா நாஜிகள் கைக்குப் போனதும் குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்பியது. லிதுவேனியா வழியாக 1939இல் நியூயார்க் வந்து சேர்ந்தார்கள். அப்போது பையனுக்கு வயது 14.

பிறகு நியூஜெர்சியின் லேக்வுட் யெஷிவாவில், அஹரோன் கோட்லர் என்ற பெரிய மேதையிடம் தல்மூத் என்ற யூதச் சட்ட விளக்க நூலைப் படித்தார். யெஷிவா என்றால் யூத வேதபாடசாலை. அப்புறம் பக்தியும் பாட்டும் நிறைந்த ஹசித் யூதர்களில் ஒரு பிரிவான லுபாவிச் இயக்கத்தின் பக்கம் சாய்ந்தார். 1949இல் அவர்களுடைய குரு இவரையும் ஸல்மன் ஷாக்டர் என்ற நண்பரையும் யூதக் கல்லூரி மாணவர்களை மார்க்கத்தின் பக்கம் இழுக்க அனுப்பினார். கிட்டார் கைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். முதல் இசைத்தட்டு 1959இல் வந்தது. 1994 அக்டோபர் 20 அன்று, டொரன்டோ போவதற்காக நியூயார்க் விமான நிலையத்தில் விமானம் ஏறியவர் மாரடைப்பில் இறந்தார். எருசலேமில் அடக்கம் செய்யப்பட்டார்.

கேள்வி: இவரைப் போராட்டப் பாடகர் என்கிறார்கள். பாட்டெல்லாம் கேட்டால் ஜெபமாகத்தானே இருக்கிறது?

ஆமாம், ஜெபம்தான். அவர் பாட்டுகளில் முக்கால்வாசிக்கு வார்த்தைகள் வேதத்திலிருந்தோ (பைபிளின் பழைய ஏற்பாடு) ஜெபப் புத்தகத்திலிருந்தோ எடுத்த ஒன்றிரண்டு வரிகள். போர், அரசாங்கம், முதலாளி என்று எதையும் பெயர் சொல்லித் திட்ட மாட்டார். ஆனால் அந்த வரியை எந்த இடத்தில் நின்று பாடினார் என்று பாருங்கள். போராட்டம் அங்கேதான் இருக்கிறது.

1960களில் சோவியத் யூனியனில் லட்சக்கணக்கான யூதர்கள் இருந்தார்கள். ஜெப ஆலயங்கள் பெரும்பாலும் மூடிக் கிடந்தன. பிள்ளைகளுக்கு எபிரேயம் சொல்லித்தர வழியில்லை. நாட்டை விட்டுப் போகவும் விடவில்லை. 1964 ஏப்ரலில் யாகோவ் பிர்ன்பாம் என்பவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவர்களைக் கூட்டி, சோவியத் யூதர்களுக்கான மாணவர் போராட்ட அமைப்பைத் தொடங்கினார். சில நாளிலேயே, மே 1 அன்று, சோவியத்தின் ஐ.நா. அலுவலகத்துக்கு எதிரே சுமார் ஆயிரம் மாணவர்கள் நின்றார்கள்.

பிர்ன்பாமுக்கு ஒரு பாட்டு தேவைப்பட்டது. கூட்டம் சோர்ந்து போகாமல் தெருவில் பாடக்கூடிய பாட்டு. கார்லெபாக்கிடம் கேட்டார். அப்படிப் பிறந்ததுதான் ‘அம் யிஸ்ராயேல் ஹாய்’.

1965 ஏப்ரல் 4 அன்று நடந்த ஊர்வலத்துக்கு எரிகோ ஊர்வலம் என்று பெயர். யோசுவா எரிகோ கோட்டையைச் சுற்றி வந்து எக்காளம் ஊதியதும் மதில் விழுந்த கதை வேதத்தில் இருக்கிறதல்லவா, அதே மாதிரி மன்ஹாட்டனில் சோவியத் அலுவலகம் இருந்த பகுதியைச் சுற்றி வந்தார்கள். ஏழு ஆட்டுக்கொம்பு எக்காளங்களை ஊதினார்கள். அந்த ஊர்வலத்தில் கார்லெபாக் கிட்டாரோடு நின்று இதைப் பாடினார். வல்லரசு ஒன்றை எதிர்த்து நிற்கிறவர்கள் கையில் ஆட்டுக்கொம்பும் மூன்று சொல்லும்தான். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கும்.

கேள்வி: அந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம்? வரிகள் ரொம்பக் குறைவாக இருக்கிறதே.

மொத்தமே இரண்டு வரிதான். ‘அம் யிஸ்ராயேல் ஹாய்’ என்றால் ‘இஸ்ரயேல் மக்கள் உயிரோடு இருக்கிறார்கள்’. இது கார்லெபாக்குக்கு முன்பே புழக்கத்தில் இருந்த முழக்கம். அவர் சேர்த்தது இரண்டாவது வரி: ‘ஓத் அவினு ஹாய்’.

இது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் அழகு தெரியும். ஆதியாகமம் 45ஆம் அதிகாரம். எகிப்தில் பெரிய அதிகாரியாக இருக்கும் யோசேப்பு, தன்னை விற்றுப்போட்ட அண்ணன்மார் முன்னால் அழுதுகொண்டே தன்னை வெளிப்படுத்துகிறான். “நான் யோசேப்பு; என் தகப்பனார் இன்னும் உயிரோடே இருக்கிறாரா” என்று கேட்கிறான். எபிரேயத்தில் ‘ஹஓத் அவி ஹாய்?’ முதலில் வருகிற அந்த ‘ஹ’ என்ற ஓர் எழுத்துதான் அதைக் கேள்வியாக்குகிறது.

நம் மொழியிலும் இதே மாதிரிதான். ‘இருக்கிறாரா’ என்பதில் கடைசியில் உள்ள ‘ஆ’வை எடுத்துவிட்டால் ‘இருக்கிறார்’ ஆகிவிடும். கார்லெபாக் செய்தது அவ்வளவுதான். கேள்வி எழுத்தை எடுத்தார். ‘என் தகப்பன்’ என்பதை ‘எங்கள் தகப்பன்’ என்று மாற்றினார். குடும்பத்தைப் பிரிந்த ஒருவன் பயந்து பயந்து கேட்ட கேள்வி, தெருவில் ஆயிரம் பேர் பாடும் பதிலாகிவிட்டது: எங்கள் தகப்பன் இன்னும் உயிரோடு இருக்கிறார். சோவியத் யூதர்களும் பிரிந்துபோன சகோதரர்கள்தான். அவர்களுக்காகப் பாட இதைவிடப் பொருத்தமான இடத்தை வேதத்தில் தேடிப் பிடிக்க முடியாது.

கேள்வி: பாட்டுப் பாடி ஏதாவது மாறியதா?

பாட்டு மட்டும் எதையும் மாற்றவில்லை. மாணவர்கள், அமெரிக்க நாடாளுமன்றம், சிறைக்குப் போன சோவியத் யூதர்கள் என்று பலர் சேர்ந்து இழுத்த தேர் அது. 1987 டிசம்பரில் வாஷிங்டனில் சுமார் இரண்டரை லட்சம் பேர் கூடினார்கள். 1980களின் கடைசியில் கதவு திறந்தது. 1989இல் கார்லெபாக்கே சோவியத் யூனியனுக்குப் போய்ப் பாடினார்.

கேள்வி: அவர் மெட்டுகள் எங்கள் வீட்டு பஜனை மாதிரி இருக்கிறது. நான் நினைப்பது சரியா?

சரிதான். ஆனால் வேர் வேறு. 18ஆம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பாவில் எழுந்த ஹசித் இயக்கத்தில் ‘நிகுன்’ என்று ஒன்று உண்டு. வார்த்தையே இல்லாமல், ‘லை லை லை’ என்று திரும்பத் திரும்பப் பாடும் மெட்டு. வார்த்தை முடிகிற இடத்தில்தான் மனசு பேசத் தொடங்குகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. கார்லெபாக்கின் பெரும்பாலான பாட்டுகளில் முதல் பாதி தாழ்ந்த சுரத்தில் தயங்கி நிற்கும், இரண்டாம் பாதி மேலே ஏறும். எல்லாரும் மூன்றாவது தடவையே சேர்ந்து பாடிவிடலாம்.

வெள்ளிக்கிழமை மாலை ஓய்வுநாளை வரவேற்கும் ஜெபத்துக்கு, அதாவது வேதத்தின் சங்கீதப் புத்தகத்தில் 95 முதல் 99 வரை, அப்புறம் 29, அதன் பின் வரும் பாட்டு, இவற்றுக்கெல்லாம் அவர் போட்ட மெட்டுகளை இன்று உலகம் முழுக்க ஜெப ஆலயங்களில் பாடுகிறார்கள். யார் போட்ட மெட்டு என்று தெரியாமலே பாடுகிறவர்கள் ஏராளம்.

கேள்வி: அவர் இசையை முறைப்படி படித்தவரா?

இல்லை. இசைக்குறிப்பு எழுதவோ வாசிக்கவோ தெரியாது. பாடிக் காட்டுவார், தெரிந்தவர்கள் எழுதிக்கொள்வார்கள்.

கேள்வி: ஆசாரமான யூதர்கள் அவரை ஒதுக்கினார்கள் என்று படித்தேன். ஏன்?

ஆணும் பெண்ணும் கலந்து உட்கார்ந்த சபையில் பாடினார். பெண்களைக் கட்டிப்பிடித்து வரவேற்றார். ஆசாரத்தில் இரண்டும் கூடாது. 1950களிலேயே லுபாவிச் இயக்கத்திலிருந்து விலகிவிட்டார். 1966இல் பெர்க்லி நாட்டுப்புற இசை விழாவில் பாடப் போனவர், அங்கே வீட்டை விட்டு ஓடிவந்து தெருவில் திரியும் யூதப் பிள்ளைகளைப் பார்த்தார். அந்தப் பத்தாண்டின் கடைசியில் சான் பிரான்சிஸ்கோவில் ‘அன்பும் ஜெபமும் உள்ள வீடு’ என்று ஒன்றை ஆரம்பித்தார். யார் வேண்டுமானாலும் வரலாம், தங்கலாம், பாடலாம். அப்படி வந்தவர்களில் சிலர் பிறகு இஸ்ரேலில் மெவோ மோதியிம் என்ற கிராமத்தில் குடியேறினார்கள்.

கேள்வி: அக்கா, அவர் மேல் பாலியல் புகார்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். நீங்கள் அதைப் பற்றிச் சொல்வீர்களா, மாட்டீர்களா?

சொல்ல வேண்டும். இதை விட்டுவிட்டு அவரைப் பற்றிப் பேசுவது அந்தப் பெண்களுக்குச் செய்யும் துரோகம்.

அவர் இறந்து நாலு வருஷம் கழித்து, 1998இல், லிலித் என்ற யூதப் பெண்கள் பத்திரிகை ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டது. அவர் தங்களிடம் பாலியல்ரீதியாக அத்துமீறியதாகப் பல பெண்கள் அதில் சொன்னார்கள். சம்பவம் நடந்தபோது சிலருக்குப் பதின்பருவம். குருவாக நம்பிப் போன இடத்தில் நடந்தது இது. அவர் உயிரோடு இருந்தபோதே காதோடு காதாகப் பேச்சு இருந்திருக்கிறது. அவரைக் கூப்பிட்டு நிறுத்திக் கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

கட்டுரை வந்தபோது அந்தப் பெண்களையே திட்டினவர்கள்தான் அதிகம். இருபது வருஷம் கழித்துத்தான் காற்று மாறியது. 2018 தொடக்கத்தில் அவருடைய மகள், தானும் பாடகியான நெஷாமா, அந்தப் பெண்களின் வலியை ஏற்றுக்கொண்டு வெளிப்படையாக எழுதினார். அதே சமயம் மன்ஹாட்டனில் உள்ள சென்ட்ரல் ஜெப ஆலயம் ஒரு வருஷத்துக்கு அவர் மெட்டுகளைப் பாடுவதில்லை என்று முடிவெடுத்தது.

நான் என்ன செய்கிறேன் என்று கேட்பீர்கள். நான் இன்னும் கேட்கிறேன். ஆனால் யாருக்கு அறிமுகம் செய்தாலும் இதையும் சேர்த்தே சொல்கிறேன். அவரை ‘மகான்’ என்று என் வாயால் சொல்ல மாட்டேன். அந்த மெட்டு காதில் விழுந்தாலே எழுந்து வெளியே போகிற ஒரு பெண் சபையில் இருந்தால், அன்று வேறு மெட்டு பாடலாம். சங்கீதம் 95க்கு மெட்டுக்கா பஞ்சம்?

கேள்வி: ‘அம் யிஸ்ராயேல் ஹாய்’ இப்போது போர் ஆதரவுக் கூட்டங்களில் முழங்குகிறதே. அதுவும் போராட்டப் பாட்டா?

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் இஸ்ரேல் மீது நடத்திய தாக்குதலுக்குப் பிறகு உலகெங்கும் அந்த மூன்று சொல்லும் முழங்கின. ஒன்றைக் கவனியுங்கள். அதே சொற்களோடு அப்போது பரவின பாட்டுகள் எல்லாமே கார்லெபாக்குடையவை அல்ல. துக்க வீட்டில் பாடுகிறவர்களும் இருக்கிறார்கள், பிணைக்கைதிகளுக்காகப் பாடுகிறவர்களும், கொடி பிடித்துப் பாடுகிறவர்களும் இருக்கிறார்கள். காஸாவைப் பார்த்துக் கலங்குகிறவர்கள் காதில் அது வேறு மாதிரி விழுகிறது, அதையும் நான் மறுக்க மாட்டேன். என் வரையில், 1965இல் அது வெளியேற உரிமை இல்லாமல் அடைபட்டுக் கிடந்தவர்களுக்காகப் பாடப்பட்டது. நான் அதைக் கேட்பது அந்தத் தெருவில் நின்றுதான்.

கேள்வி: எந்தப் பாட்டிலிருந்து தொடங்கலாம்?

தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்குச் சங்கீதம் 121 மனப்பாடமாக இருக்கும்: “எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்.” அதே வரிக்கு எபிரேயத்தில் அவர் போட்ட மெட்டு ‘எஸா எய்னாய்’. அதில் தொடங்குங்கள். அப்புறம் சங்கீதம் 122இன் கடைசி வரிகளுக்கு அவர் போட்ட மெட்டு, ‘லெமான் அஹாய்’. சகோதரர்கள் பொருட்டும் சிநேகிதர்கள் பொருட்டும் சமாதானம் கேட்கும் பாட்டு. சீராகப் பதிவு செய்த இசைத்தட்டைவிட, கச்சேரியில் அவர் பாடும்போது கூட்டம் பின்னால் சேர்ந்துகொள்ளும் பதிவுகள் கிடைத்தால் அதைக் கேளுங்கள்.