அடுத்த லென்ஸ் எது: தறிக்கூடமா, ஏற்காடா, மூக்கனேரியா?

சேலம் அம்மாபேட்டை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் கடிதத்தின் சாரம் இது: கையில் கேனான் 1500டி, அதனுடன் வந்த 18-55 கிட் லென்ஸ். வீட்டிலேயே கைத்தறி. அப்பா நெய்வதைப் படமெடுத்து வைக்க ஆசை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏற்காடு, அங்கே காப்பிப் பூவையும் எடுக்க வேண்டும், எப்போதாவது மூக்கனேரியில் பறவைகள். தறிப் படங்கள் ஒன்று கலங்கிப்போகின்றன, இல்லையென்றால் புள்ளி புள்ளியாக வருகின்றன. ஏற்காட்டுப் படங்களோ சப்பென்று இருக்கின்றன. அடுத்த லென்ஸுக்கு 15,000 ரூபாய் சேர்த்திருக்கிறார். நண்பர் 50 மி.மீ. வாங்கச் சொல்கிறார். கடைக்காரர், “18-200 போட்டுட்டீங்கன்னா ஒரே லென்ஸ்ல வேலை முடிஞ்சுது” என்கிறார். இவருக்கு மனசு 55-250 மேல். எதை வாங்குவது? யூ.வி. ஃபில்டர் கட்டாயமா?

முதலில் பதில்: 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்.டி.எம். லென்ஸையே வாங்குங்கள். மிச்சப் பணத்தில் ஒரு சர்க்குலர் போலரைசர், அதாவது லென்ஸின் முன்னால் மாட்டித் திருகும், பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர். உங்கள் நண்பர் 50 வாங்கச் சொல்வது அநேகமாகப் பின்னணி மங்கலாக வருமே என்பதற்காக இருக்கும். நான் சொல்வது அதற்காக அல்ல.

பணத்தை எடுக்கும் முன் ஒரு மாலை நேரத்தைச் செலவிடுங்கள். உங்கள் பழைய படங்களில் உங்களுக்கே பிடித்தவற்றையும், பிடித்திருக்க வேண்டியது ஆனால் கெட்டுப்போனது என்று வருந்தியவற்றையும் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் போடுங்கள். ஒவ்வொன்றின் ப்ராப்பர்ட்டீஸிலும் எந்த மி.மீ. (எண் கூடினால் தூரத்தை இழுக்கும்), எந்த ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்துக்கான உணர்திறன், ஏற்றினால் புள்ளிகள் கூடும்), எவ்வளவு ஷட்டர் வேகம் என்று இருக்கும். பெரும்பாலானவை 55-ல் முட்டிக்கொண்டு நின்றால் உங்களுக்கு நீளம் போதவில்லை. 18-ல் முட்டினால் அகலம் போதவில்லை. மி.மீ. எதுவாக இருந்தாலும் ஐ.எஸ்.ஓ. 6400, ஷட்டர் 1/30 என்று வரிசையாகத் தெரிந்தால் குறை நீளத்திலோ அகலத்திலோ இல்லை, வெளிச்சத்தில். வெளிச்சம் போதாதவர் நீளமான ஜூம் வாங்கினால் கெட்ட படங்களை இன்னும் கிட்டத்தில் எடுப்பார், அவ்வளவுதான்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் தறிப் படங்களின் கோளாறு இந்த மூன்றாவது வகை. கலங்கல் என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலும் இரண்டு வகை உண்டு. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சுவர், தறிக்கால், பாவு (நீளவாக்கு இழைகள்) எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. அதை லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசர் ஓரளவு சரிசெய்யும். தறிக்கால் கத்தியாகத் தெரிந்து அப்பாவின் கை மட்டும் கரைந்திருந்தால் அசைந்தது அவர் கை. அதற்கு எந்த ஸ்டெபிலைசரும் உதவாது, ஷட்டர் வேகம் ஒன்றுதான் மருந்து. ஷட்டரை வேகமாக்க வெளிச்சம் வேண்டும்.

கணக்கு இப்படிப் போகும். கிட் லென்ஸை 50 மி.மீ. பக்கம் கொண்டுபோனால் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் புகும் துவாரம், எஃப்/5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் சிறியதானால் துவாரம் பெரிது). குழித்தறியில் ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் ஐ.எஸ்.ஓ. 6400, ஷட்டர் 1/60 என்று வைத்தும் திணறியிருப்பீர்கள். அதே இடத்தில் ஜூம் இல்லாத அந்த 50 மி.மீ. லென்ஸை எஃப்/2-க்குத் திறந்தால் எட்டு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். அதில் ஒரு பங்கை ஷட்டருக்குக் கொடுத்து 1/125 ஆக்கலாம். மீதியை ஐ.எஸ்.ஓ.வுக்குக் கொடுத்தால் 6400 என்பது 1600-க்கு இறங்கிவிடும். புள்ளிகள் அடங்கும், விரல்கள் நிற்கும். நாடா (குறுக்கிழையைக் கொண்டு ஓடும் கட்டை) ஓடுவது அப்போதும் கோடாகத்தான் விழும். அது விழட்டும், நின்றுபோன நாடாவைப் பார்த்தால் தறி ஓடாதது போல இருக்கும்.

எஃப்/2 என்பதால் ஆபத்தும் உண்டு. ஒரு மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால் தெளிவாக நிற்கும் ஆழம் 3 செ.மீ. அளவுதான். ஊடை (குறுக்கிழை) போகும் இடத்தில் விரல் தெளிவாக இருந்தால் முகம் இருக்காது. முகத்தைப் பிடித்தால் விரல் போகும். எனவே எது முக்கியம் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, 1500டியின் ஒன்பது ஃபோகஸ் புள்ளிகளில் நடுப்புள்ளியை மட்டும் வைத்துப் பிடியுங்கள். அந்தக் கேமராவில் இருட்டில் நம்பலாம் என்றால் அந்த ஒன்றுதான். இரண்டுமே வேண்டும் என்றால் பக்கவாட்டில் போய் நின்று, கையும் முகமும் லென்ஸிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் வருமாறு பாருங்கள்.

50 மி.மீ. முழுத் தறியையும் காட்டாது. இதை வாங்கிய பிறகு கண்டுபிடித்து நொந்துகொள்பவர்கள் அதிகம். 1500டியின் சென்சார் சிறியது. 50 மி.மீ. அதில் ஃபுல் ஃபிரேம் (ஃபிலிம் அளவு சென்சார்) கேமராவின் 80 மி.மீ. போலப் பார்க்கும். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் அகலவாக்கில் 90 செ.மீ. கூட உள்ளே வராது. சேலை நெய்யும் தறியின் அகலத்தையே அது வெட்டிவிடும். தறிக்கூடத்தில் அதற்கு மேல் பின்னால் போனால் சுவர். ஆகவே 50-ஐ வைத்து கை, முகம், நாடா, மிதியில் கால், பாவு இழைகளின் வரிசை, இவற்றை எடுங்கள். முழுத் தறிக்கும் கூடத்துக்கும் கிட் லென்ஸின் 18 மி.மீ. போதும். அங்கே அப்பர்ச்சர் எஃப்/3.5 வரை திறக்கும். கேமராவை ஒரு ஸ்டூல் மேல் வைத்து, அப்பாவை ஒரு நொடி கையை நிறுத்தச் சொன்னால் வேலை முடிந்தது.

அப்படியானால் 24 மி.மீ. எஃப்/2.8 சின்ன லென்ஸ் ஒன்று இருக்கிறதே, அது அகலமும் தருமே என்று கேட்கலாம். நல்ல லென்ஸ், 125 கிராம்தான், சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். வெளிச்சத்தில் உங்களுக்குக் கிடைப்பது குறைவு. கிட் லென்ஸே 24-ல் எஃப்/4 அளவுக்குத் திறக்கும். 4-லிருந்து 2.8-க்கு இரண்டு மடங்கு மட்டுமே. 50-ல் கிடைப்பது எஃப்/1.8 வரை திறந்தால் பத்து மடங்கை ஒட்டி. கொடுக்கும் ரூபாய்க்கு எங்கே அதிகம் என்பது தெரிகிறதல்லவா.

நீங்களே சோதிக்க ஒரு வழி: கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை 50-ல் வைத்து செல்லோடேப் ஒட்டிவிட்டு, தறிக்கூடத்தில் ஒரு காலை முழுக்க எடுங்கள். மூச்சு முட்டினால் எனக்கு எழுதுங்கள், வேறு யோசிப்போம்.

ஆடித் திருவிழாவில் சேலம் குகைப் பகுதியின் வண்டி வேடிக்கைக்குப் போவீர்கள் என்றால் இதே லென்ஸ் அங்கேயும் கைகொடுக்கும். வேஷம் கட்டியவர்களின் முகங்களுக்கு விளக்கு வெளிச்சம் போதும், ஃபிளாஷ் அடித்து அந்த மஞ்சளைக் கெடுக்க வேண்டாம்.

இனி ஏற்காடு. படம் சப்பென்று வருவதற்கு லென்ஸ் காரணம் இல்லை என்று அடித்துச் சொல்வேன். பகோடா பாயின்ட்டில் நின்று எதிர்மலையை இழுத்துப் பிடித்தால், உங்களுக்கும் அந்த மலைக்கும் நடுவில் இருக்கிற காற்று, புகை, பனிமூட்டம் எல்லாம் சேர்ந்துதான் படமாகும். 55-250 மாட்டினால் அந்தப் புகையைப் பெரிதாக்கிக் காட்டும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் போங்கள், அதே கிட் லென்ஸில் மலை மடிப்புகள் தனித்தனியாகத் தெரியும்.

மூட்டம் இறங்கிவிட்டால் தூரத்தை விட்டுவிட்டுக் கிட்டத்தில் பாருங்கள். காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக்கொடி. முதல் மரம் கறுப்பாக, அடுத்தது சாம்பலாக, அதற்கடுத்தது இருக்கிறதா இல்லையா என்பதாக வரிசை கட்டி நிற்கும். கேமராவின் மீட்டர் வெள்ளை மூட்டத்தைப் பார்த்து அதைச் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +1 பக்கம் தள்ளுங்கள். இதற்குக் காசு செலவில்லை.

காசு செலவழிக்க வேண்டிய இடம் போலரைசர். காப்பி இலை மெழுகு பூசினாற்போல வழவழப்பானது. வானத்தின் வெள்ளையைத் திருப்பி அடிக்கும், பச்சை வெளுத்துப்போகும். மழை நனைத்த இலையில் இன்னும் மோசம். போலரைசரைத் திருகும்போது அந்தப் பளபளப்பு விலகி, கீழே உள்ள பச்சை எழும்பி வருவதை வியூஃபைண்டரிலேயே பார்க்கலாம். ஏரியில் தண்ணீருக்கு மேல் படரும் வெளிச்சமும் இப்படியே அடங்கும். கம்ப்யூட்டரில் எந்த சாஃப்ட்வேராலும் இதை முழுதாகச் செய்ய முடியாது. உங்கள் 18-55-க்கு 58 மி.மீ. அளவு பொருந்தும். பிற்பாடு 55-250 எஸ்.டி.எம். வாங்கினாலும் அதே 58தான். 50 மி.மீ. லென்ஸின் வாய் 49, அதற்கு 49-58 ஸ்டெப்-அப் ரிங் (பெரிய ஃபில்டரைச் சிறிய வாயில் மாட்டும் வளையம்) ஒன்று போதும், சில்லறைக் காசு.

இதில் ஒரு சின்னத் தொல்லை. 1500டியோடு வரும் 18-55 ஐ.எஸ். 2 லென்ஸில் ஃபோகஸ் ஆகும்போது முன்கண்ணாடியும் சேர்ந்து சுழலும், போலரைசரும் கூடவே சுழன்றுவிடும். ஆகவே முதலில் ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தி ஃபோகஸ் பிடித்து, விடாமல் வைத்துக்கொண்டு, அதன்பிறகு போலரைசரைத் திருகுங்கள். வெளிச்சத்தையும் இது ஒன்றிலிருந்து ஒன்றரை ஸ்டாப் வரை தின்னும் (ஒரு ஸ்டாப் போனால் வெளிச்சம் பாதியாகும்). தறிக்கூடத்துக்குப் போகும்போது கழற்றிவிட வேண்டும்.

காப்பிப் பூ எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். கோடை மழை ஒன்று விழுந்ததும் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்து, சில நாளிலேயே வாடிவிடும். அந்த வாரம் 50-ஐ வீட்டில் வைத்துவிட்டுப் போனாலும் நஷ்டமில்லை. கிட்டத்தில் எடுக்க உங்கள் கிட் லென்ஸ்தான் கெட்டிக்காரன். 25 செ.மீ. வரை நெருங்கி 55-ல் எடுத்தால் 6.5 செ.மீ. அகலமுள்ள கொத்து படம் முழுக்க நிறையும். 50 மி.மீ. லென்ஸ் 35 செ.மீ.க்கு உள்ளே நெருங்கவே விடாது, அதன் கணக்கில் 10 செ.மீ.க்கு மேல் அகலம் உள்ளே வரும். பின்னால் ஆசை கூடினால் 12 மி.மீ. எக்ஸ்டென்ஷன் டியூப் (இன்னும் நெருங்கி ஃபோகஸ் செய்ய உதவும் வெற்றுக்குழல்) ஒன்றை 50-க்குப் பின்னால் மாட்டுங்கள், கிட் லென்ஸைத் தாண்டிவிடும். மின்தொடர்பு உள்ள டியூபாகப் பார்த்து வாங்குங்கள், அது இல்லாததில் அப்பர்ச்சரை மாற்ற முடியாது.

ஏற்காட்டு லேடீஸ் சீட்டிலிருந்து ராத்திரியில் சேலத்து விளக்குகளை எடுப்பதற்கு எந்த லென்ஸும் வாங்க வேண்டாம். டிரைபாட், ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/8, பத்து விநாடி, செல்ஃப் டைமர், ஸ்டெபிலைசர் ஆஃப்.

55-250 பற்றி. அது நல்ல லென்ஸ், சிறிய சென்சாரின் 1.6 மடங்குக் கணக்கில் 400 மி.மீ. பார்வை, எடை 375 கிராம்தான். மூக்கனேரியில் நீர்க்காகம் இறக்கை விரித்துக் காய்வதை, கொக்கு நிற்பதைக் காலை வெயிலில் எடுக்கத் தாராளம். ஏற்காட்டுத் தோட்ட ஓரங்களில் காட்டெருமை வந்தாலும் எட்டி நின்றே எடுத்துவிடலாம், அதன் கிட்டே போகக் கூடாது என்பதற்காகவே சிலர் இதை வாங்க வேண்டும். பறக்கும் பறவைக்கு ஷட்டர் 1/1000-க்குக் குறையக் கூடாது. 1500டி நொடிக்கு மூன்று படம்தான் எடுக்கும். எதிர்பார்ப்பை அதற்குத் தக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மூக்கனேரிக்கு “எப்போதாவது” போவதாகச் சொன்னதால்தான் இதை இரண்டாவதாக வைக்கிறேன். வாராவாரம் போகிறவராக இருந்திருந்தால் இதுதான் முதல்.

18-200 கடைக்காரருக்கு வசதி. லென்ஸ் மாற்றச் சோம்பல்படும் சுற்றுலாக்காரருக்கும் வசதி, அதில் தப்பில்லை. ஆனால் 50 மி.மீ. பக்கம் உங்கள் கிட் லென்ஸ் தரும் ஏறக்குறைய அதே வெளிச்சத்தைத்தான் அதுவும் தரும். தறிக்கூடத்தில் நிலைமை பெரிதாக மாறாது.

பழைய லென்ஸ் வாங்கப் போனால் செல்போன் டார்ச்சைக் கையில் எடுங்கள். லென்ஸின் பின்பக்கமிருந்து வெளிச்சம் அடித்து முன்பக்கமாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே கிளை பிரியும் மெல்லிய நூல்கள் தெரிந்தால் அது ஃபங்கஸ், விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். ஓரிரு தூசிப் பொட்டு இருந்தால் பரவாயில்லை. 50 மி.மீ.யில் எஸ்.டி.எம். (சத்தம் குறைந்த ஃபோகஸ் மோட்டார்) என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். முந்தைய பதிப்பின் மவுன்ட் பிளாஸ்டிக், ஃபோகஸ் சத்தமும் அதிகம். 55-250-லும் எஸ்.டி.எம். பதிப்புதான் வேண்டும், அதன் முன்கண்ணாடி சுழலாது. நாளைக்கு மிரர்லெஸுக்கு (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) மாறினால் பணம் வீணாகுமோ என்ற கவலை வேண்டாம், கேனானின் அடாப்டர் போட்டால் இவை ஆர் வரிசைக் கேமராக்களிலும் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும்.

மூட்டத்தில் நனைந்த கேமராவை அப்படியே பையில் மூடி வாரக்கணக்கில் வைக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் துடைத்து, மின்விசிறிக் காற்றில் ஆறவிட்டு, ரப்பர் மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். சிலர் அரிசி போடுகிறார்கள், அதில் வருவது மாவுதான்.

யூ.வி. ஃபில்டர் கட்டாயம் இல்லை. டிஜிட்டல் கேமராவில் அதனால் படத்துக்கு ஒரு நன்மையும் கிடையாது, மலிவானதைப் போட்டால் ராத்திரி விளக்குகள் இரட்டையாகத் தெரியும். அந்தக் காசில் 50-க்கு உரிய ஹூட் (பக்கவாட்டு வெளிச்சத்தை மறைக்கும் வளையம்) வாங்குங்கள், ஈ.எஸ்.-68 என்று கேட்டால் கொடுப்பார்கள்.