இளநிலை ஃபைனான்ஸ் படிப்புக்கு 9 லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: மகள் பிளஸ் டூவில் வணிகவியலும் வணிகக் கணிதமும் படித்தவள். ஃபைனான்ஸ்தான் படிப்பேன் என்கிறாள். தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் பி.பி.ஏ. ஃபைனான்ஸுக்கு மூன்று வருடத்துக்கு 9 லட்சம் ஆகும். முழுவதும் கல்விக்கடன்தான், வங்கி வீட்டுப் பத்திரம் கேட்கிறது. உள்ளூர் அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.காம். இடமும் கிடைத்திருக்கிறது. கையிருப்பு 2 லட்சம். என்ன செய்யலாம்?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: பி.காமில் சேர்த்துவிடுங்கள்.

கடன் கணக்கை முதலில் பார்ப்போம். வருடம் 3 லட்சம் வீதம், 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கிடையாது. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். தனி வட்டி மட்டுமே 2.7 லட்சம் சேர்ந்துவிடும். அப்புறம் 11.7 லட்சத்தைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 15,500 ரூபாய் கட்ட வேண்டும். புதிதாகப் பட்டம் வாங்கிய பெண்ணின் முதல் சம்பளத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். 7.5 லட்சத்தைத் தாண்டும் கல்விக்கடனுக்கு வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்பது வழக்கம்தான். அதற்காக இந்தப் படிப்புக்கு வீட்டைக் கொடுக்க வேண்டியதில்லை.

இளநிலையில் ஃபைனான்ஸ் என்பது பெரும்பாலும் கணக்கியல், செலவுக் கணக்கியல், வருமான வரி, புள்ளியியல், நிதி மேலாண்மை. இவை பி.காமிலேயே வந்துவிடுகின்றன; கணக்கியல் பி.பி.ஏ.வைவிட ஆழமாகவே இருக்கும். இந்தத் துறையில் ஆளை உயர்த்துவது பட்டத்தோடு சேர்த்து முடிக்கும் தொழில்முறைத் தேர்வு. சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) படிப்பின் முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷனை இப்போதே பதிவு செய்து எழுதலாம். நான்கு தாள், ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். தவறினாலும் குடி முழுகாது: பி.காமில் 55 சதவீதம் எடுத்தால் ஃபவுண்டேஷன் இல்லாமலே நேரடியாக அடுத்த கட்டமான இன்டர்மீடியட்டுக்குப் போகலாம். இப்போது ஆர்ட்டிகிள்ஷிப்பும் (ஆடிட்டரிடம் பெறும் செய்முறைப் பயிற்சி) மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது. அதற்கு உதவித்தொகையும் உண்டு.

அவளுக்குக் கணக்கைவிடப் பங்குச்சந்தைதான் பிடிக்கும் என்றால் பாதை வேறு. பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைத்த என்.ஐ.எஸ்.எம். நிறுவனத்தின் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் தேர்வைக் கல்லூரியில் படிக்கும்போதே எழுதட்டும். முதலீட்டு ஆய்வாளர்களுக்கான சர்வதேசத் தேர்வான சி.எஃப்.ஏ.வுக்கு அவசரப்பட வேண்டாம், கட்டணம் டாலரில்.

தனியார் பல்கலைக்கழகத்தை அவள் விடமாட்டேன் என்றால், போன வருடம் பி.பி.ஏ. ஃபைனான்ஸ் முடித்தவர்களில் எத்தனை பேருக்கு, என்ன சம்பளத்தில் வேலை கிடைத்தது என்று எழுத்தில் கேளுங்கள். விளம்பரத்தில் காட்டும் பெரிய சம்பளம் பெரும்பாலும் எம்.பி.ஏ. மாணவர்களுடையதாக இருக்கும்.

அந்த 2 லட்சத்தை மூன்றாகப் பிரித்து ஒன்று, இரண்டு, மூன்று வருட வைப்புநிதிகளாகப் போடுங்கள். சி.ஏ. பயிற்சி வகுப்புக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் தேவைப்படும்போது ஒவ்வொன்றாக முதிரும். மகள் ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்குக் கல்லூரி வழியாக விண்ணப்பிக்க மறக்காதீர்கள்.