படிகம் வளர்க்கிறது பத்தி கேட்டிருந்தீங்க, பதில்கள் இதோ

கேள்வி: பையன் ப்ராஜெக்டுக்கு சுடுதண்ணில உப்பு கரைச்சு ஆற வச்சோம், ஒண்ணுமே வரல. பக்கத்து வீட்டுல படிகாரத்துல செஞ்சாங்க, அழகா வந்துச்சு. ஏன் சார்?

பதில்: உப்போட குணம் அப்படிங்க. 100 மில்லி தண்ணி 20 டிகிரில சுமார் 36 கிராம் உப்பு பிடிக்கும், கொதிக்கிறப்பவும் 39தான், அப்புறம் ஆற வச்சா என்னத்த வெளிய தள்ளும்? படிகாரம் சூட்டுல ஏகத்துக்கு கரையும், ஆறினா தாங்காது, மிச்சமெல்லாம் படிகமா இறங்கிடும். உப்புன்னா தண்ணி ஆவியாகணும், தட்டுல ஊத்தி ஆடாம அசையாம ஓரமா வைங்க.

கேள்வி: தூத்துக்குடி உப்பளத்துலயும் இதேதானா?

பதில்: இதேதான், ஆனா கடல்தண்ணில உப்பு மட்டுமா இருக்கு? சுண்டச் சுண்ட உப்புக்கு முன்னாடியே ஜிப்சம் இறங்கும், போமே மீட்டர்ல (தண்ணியோட அடர்த்திய காட்டுற கருவி, சூடு இல்ல) 25 டிகிரி கிட்ட வந்தாதான் உப்பு விளையும், 30 வரைக்கும் விட்டுட்டா மெக்னீசியம் உப்புகளும் சேந்து கசக்கும், ஈரம் இழுக்கும். அதான் அதுக்கு முன்னாடியே மிச்சத் தண்ணிய வடிச்சிடுறாங்க.

கேள்வி: எனக்கு படிகாரம் பொடிப்பொடியாதான் வருது, ஃபிரிட்ஜ்ல கூட வச்சு பாத்தேன்.

பதில்: ஃபிரிட்ஜ்தான் வினை. சட்டுனு குளிர்ந்தா ஒரே நேரத்துல ஆயிரம் எடத்துல படிகம் ஆரம்பிச்சு இருக்கிற சரக்க பங்கு போட்டுக்கும். அந்த பொடியில முனை மழுங்காத ஒண்ண எடுத்து மெல்லிசு நைலான் நூல்ல கட்டி, வடிகட்டின, நல்லா ஆறின, இனி கரையாதுங்கற கரைசல்ல தொங்க விடுங்க. சூடா இருந்தா கட்டினதும் கரைஞ்சிடும்.

கேள்வி: கிரானைட்ல மினுமினுன்னு தெரியுறதும் படிகமா?

பதில்: ஆமா, குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா. பூமிக்கடியில மெதுவா ஆறின பாறைக்குழம்பு (மாக்மா) அது. வெளிய கொட்டி சீக்கிரம் ஆறினா கண்ணுக்கே தெரியாத பொடிப் படிகம்தான், பசால்ட் கல்லு மாதிரி.

கேள்வி: மெக்ஸிகோ குகையில ஆள் உயரத்த விட பெருசுன்னு போட்டோ வருதே, நெசமா?

பதில்: நெசம்தான். நைக்கா சுரங்கத்துல, சுமார் 300 மீட்டர் ஆழம், 2000ல கண்டுபிடிச்சாங்க, சிலது 11 மீட்டர் நீளம், எல்லாம் ஜிப்சம். அடியில இருந்த மாக்மா சூட்டுல தண்ணி ரொம்ப காலத்துக்கு 58 டிகிரிக்கு கொஞ்சம் கீழயே நின்னுச்சு, அந்த சூட்டுல அன்ஹைட்ரைட் (ஜிப்சத்தோட தண்ணி சேராத வடிவம்) கொஞ்சூண்டு கரையும், ஜிப்சம் கொஞ்சூண்டு ஒட்டும், அப்படியே லட்சக்கணக்கான வருஷம். போய் பாக்கலாமான்னு கேக்காதீங்க, அந்த சூட்டுலயும் ஈரத்துலயும் சாதாரணமா பத்து நிமிஷம் தாக்குப்பிடிக்கிறதே கஷ்டம், இப்ப பம்பும் நிறுத்தி தண்ணி திரும்ப ஏறிடுச்சு.