30,000 டாலர் பெரிதா, 18,000 டாலர் பெரிதா?

கேள்வி: என் மகளுக்கு அமெரிக்காவில் இரண்டு பல்கலைக்கழகங்களில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இளநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று மாநிலப் பல்கலைக்கழகம். விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 52,000 டாலர் ஆகும். 18,000 டாலர் மெரிட் ஸ்காலர்ஷிப் தருகிறார்கள், நன்றாகப் படிப்பவர்களுக்காக உள்ளேயே தனியாக நடத்தும் ஆனர்ஸ் கல்லூரியில் சேரவும் அழைத்திருக்கிறார்கள். இன்னொன்று தனியார், தரவரிசையில் மேலே இருப்பது. செலவு 88,000, ஸ்காலர்ஷிப் 30,000. மகள் தனியாருக்குத்தான் போவேன் என்கிறாள். அங்கே இன்னும் கொஞ்சம் கேட்டுப் பார்க்கலாமா? ஆனர்ஸில் சேர்ந்துவிட்டு நடுவில் விலகினால் பணம் போய்விடுமா?

பதில்: உங்கள் மகள் 30,000-ஐப் பார்க்கிறாள். நீங்கள் கழித்த பிறகு நிற்கும் தொகையைப் பாருங்கள். முதல் ஆண்டு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு நீங்கள் கட்ட வேண்டியது 34,000; தனியாருக்கு 58,000. இதை நான்கால் பெருக்கிவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. கட்டணம் ஆண்டுதோறும் ஏறும்; ஸ்காலர்ஷிப் தொகையோ பெரும்பாலும் முதல் கடிதத்தில் எழுதியதுதான், கடைசி வரை அசையாது. செலவு ஆண்டுக்கு 4 சதவீதம் கூடுவதாக வைத்துப் போட்டுப் பார்த்தேன். நான்கு ஆண்டுகளில் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு உங்கள் கையிலிருந்து சுமார் 1,48,800 டாலர் போகும். தனியாருக்கு 2,53,700. ஒரு லட்சம் டாலருக்கு மேல் வித்தியாசம். இளநிலை கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு, தரவரிசையில் சில படிகள் மேலே என்பதற்காக மட்டும் இவ்வளவு கொடுக்க நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் மாநிலப் பல்கலைக்கழகத்தின் 18,000 நான்கு ஆண்டும் வந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். கடிதத்தின் முதல் பக்கத்தில் வாழ்த்து இருக்கும். அடுத்த பக்கத்தில், சிறிய எழுத்தில், ஸ்காலர்ஷிப்பைத் தொடர்வதற்கான நிபந்தனை இருக்கும். எட்டு செமஸ்டர் வரை, ஜி.பி.ஏ. (4-க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) இவ்வளவுக்குக் குறையாமல், ஆண்டுக்கு இத்தனை கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள எடை) என்று போட்டிருப்பார்கள். அந்த ஜி.பி.ஏ. 3.0 என்றால் பரவாயில்லை. 3.5 என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். முதல் செமஸ்டரில் கால்குலஸ் 4 கிரெடிட், இயற்பியல் 4, புரோகிராமிங் 4, ஆங்கில எழுத்துப் பாடம் 3, ஆக மொத்தம் 15 என்று வைத்துக்கொள்வோம். கால்குலஸிலும் இயற்பியலிலும் பி (3 புள்ளி), மற்ற இரண்டிலும் ஏ (4 புள்ளி). புது ஊரில் முதல் செமஸ்டருக்கு யாரும் குறை சொல்ல முடியாத மார்க். ஆனால் ஜி.பி.ஏ. 3.47! பெரும்பாலான இடங்களில் ஆண்டு முடிவில்தான் பார்ப்பார்கள், சில இடங்களில் ஒரு செமஸ்டர் அவகாசமும் கொடுப்பார்கள். அப்படி அவகாசம் உண்டா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

கிரெடிட்டிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மாணவர்களுக்கான எஃப்-1 விசாவுக்கு செமஸ்டருக்கு 12 கிரெடிட் போதும். ஸ்காலர்ஷிப் ஆண்டுக்கு 30 கேட்கலாம். கஷ்டமாக இருக்கிறதே என்று 15 கிரெடிட்டில் 3 கிரெடிட் பாடம் ஒன்றை நடுவில் விட்டால், 12 மிஞ்சுவதால் விசாவுக்கு ஒன்றும் ஆகாது, ஸ்காலர்ஷிப் போய்விடலாம்; 4 கிரெடிட் பாடத்தை விட்டால் விசாவுக்கும் சிக்கல். இது தெரியாமல் மாட்டிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு.

இனி ஆனர்ஸ். இதை ஒரு பட்டம் போல நினைத்துச் சேர்பவர்கள்தான் இரண்டாம் ஆண்டில் அலுத்துப்போய் வெளியே வருகிறார்கள். ஆனர்ஸ் என்றால் சிறிய வகுப்புகள், தனி ஆலோசகர், பல இடங்களில் தனி விடுதி. கூடவே கூடுதல் வேலை. பென் ஸ்டேட்டின் ஷ்ரையர் கல்லூரியிலும் அரிசோனா ஸ்டேட்டின் பாரெட் கல்லூரியிலும் கடைசியில் ஆய்வேடு எழுதினால்தான் ஆனர்ஸோடு வெளியே வரலாம். சில இடங்களில் சாதாரண வகுப்பையே எடுத்துக்கொண்டு, பேராசிரியரிடம் பேசி ஒரு கூடுதல் ப்ராஜெக்ட் செய்தால் அதை ஆனர்ஸ் கிரெடிட்டாக ஏற்பார்கள். பொறியியல், கம்ப்யூட்டர் பிள்ளைகளுக்கு இந்த வழி வசதி. தனிக் கட்டணம் வாங்கும் கல்லூரிகளும் உண்டு. பாரெட்டில் ஒவ்வொரு செமஸ்டருக்கும் வாங்குகிறார்கள். அதையும் 34,000-த்தோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், உங்கள் மகளுக்கு ஆனர்ஸில் உண்மையான லாபம் ஒன்றுதான்: மற்ற மாணவர்களுக்கு முன்பே பாடங்களைப் பதிவு செய்துகொள்ளும் உரிமை. பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்களில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வகுப்புகள் சீக்கிரம் நிரம்பிவிடும். ஒரு முன்தேவைப் பாடத்தில் இடம் கிடைக்காவிட்டால் அதற்கு மேலுள்ள எல்லாமே தள்ளிப்போகும். சில நேரம் ஒன்பதாவது செமஸ்டர் படிக்க வேண்டி வரும், ஸ்காலர்ஷிப்போ எட்டோடு நின்றிருக்கும். ஆய்வேடு, பின்னால் பி.எச்டி. பக்கம் போகிறவர்களுக்குப் பெரிய பலம். நேரே வேலைக்குப் போகிறவர்களிடம் கம்பெனிகள் அதைவிட இன்டர்ன்ஷிப்பைத்தான் கேட்கும்.

நடுவில் விலகினால் பணம் போகுமா? 18,000-ஐப் பல்கலைக்கழகம் தருகிறதா, ஆனர்ஸ் கல்லூரி தருகிறதா என்பதைப் பொறுத்தது. பல்கலைக்கழகம் தருவதென்றால் ஆனர்ஸை விட்டாலும் பொதுவாகத் தொடரும். ஆனர்ஸ் கல்லூரி கொடுப்பதென்றால் விலகும் நாளோடு முடிந்தது. இரண்டு பகுதிகளாகவும் இருக்கலாம். அப்படியென்றால் எந்தப் பகுதி எவ்வளவு என்று கேளுங்கள்.

தனியாரிடம் கூடுதலாகக் கேட்பதில் தப்பில்லை. மார்க்கைப் பார்த்து அட்டவணைப்படி தொகை தரும் மாநிலப் பல்கலைக்கழகங்கள் அசைவது அபூர்வம். தனியார் சில நேரம் இறங்கி வருவார்கள். மகளே எழுதட்டும், பெற்றோர் வேண்டாம். "இங்கே படிக்கத்தான் ஆசை, இன்னொரு இடத்தில் குடும்பம் கட்ட வேண்டியது இவ்வளவு, உங்கள் முடிவை மறுபரிசீலனை செய்ய முடியுமா" என்று நான்கு வரி, கூடவே மாநிலப் பல்கலைக்கழகத்தின் கடிதம். மே 1-க்குள் பெரும்பாலான இடங்களில் முடிவு சொல்லியாக வேண்டும் என்பதால் ஏப்ரல் முதல் வாரமே அனுப்பிவிடுங்கள். 5,000 கூட்டித் தந்தாலும் மேலே போட்ட கணக்கு மாறாது என்பதை மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்காக மூன்று விஷயம். ஹார்வர்ட், யேல் உள்ளிட்ட எட்டு ஐவி லீக் பல்கலைக்கழகங்களும் மெரிட் ஸ்காலர்ஷிப் தருவதே இல்லை. அங்கே உதவி குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான். டெக்சாஸின் அரசுப் பல்கலைக்கழகங்களில், போட்டியில் வென்ற ஸ்காலர்ஷிப் 1,000 டாலருக்குக் குறையாமல் இருந்தால் வெளியூர் மாணவரிடமும் டெக்சாஸ்வாசிக்கான கட்டணத்தையே வாங்க விதி இடம் தருகிறது. கடிதத்தில் 1,000 என்று சிறிதாகத் தெரிவது அதைப் போலப் பல மடங்கை மிச்சப்படுத்தும். இன்னொன்று, மெரிட் ஸ்காலர்ஷிப்புக்கான கடைசி நாள் பல இடங்களில் நவம்பர், டிசம்பரிலேயே முடிந்துவிடும், பொதுவான கடைசி நாளை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

இந்த வாரம் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள்: 18,000 யார் தருவது, எந்த ஜி.பி.ஏ., தவறினால் அவகாசம் உண்டா. பதிலை எழுத்தில் வாங்குங்கள். சேர முடிவான பின், விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம் வந்ததும் அந்த 18,000 அதில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் விசா நேர்காணலில் முதல் ஆண்டுக்கு 34,000-க்குப் பதில் முழு 52,000-க்கும் கணக்குக் காட்ட வேண்டியிருக்கும்.