பச்சை விளக்கு நாலு முறை சிமிட்டினால்?

கேள்வி: அல்சூரில் வீட்டு மாடியில் டியூஷன் நடத்துகிறேன். பிள்ளைகளுக்குப் பாடக்குறிப்பு காட்ட டிவியோடு ராஸ்பெரி பை 4 என்ற சின்ன கம்ப்யூட்டர் போர்டு ஒன்றை இணைத்திருக்கிறோம். போன வாரம் கரன்ட் போய் வந்ததிலிருந்து அது கிளம்பவே இல்லை. சிவப்பு விளக்கு எரிகிறது, பச்சை விளக்கு நாலு தடவை சிமிட்டி நிற்கிறது, மறுபடி சிமிட்டுகிறது. செல்போன் சார்ஜரில்தான் ஓட்டுகிறோம். எஸ்.பி. ரோட்டில் ஒரு கடைக்காரர், "போர்டு போச்சு, புதுசு வாங்கிக்கோங்க" என்றார். வாங்கிவிடலாமா?
— ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: வேண்டாம் சகோதரி, கொஞ்சம் பொறுங்கள். அந்த நாலு சிமிட்டலை நீங்கள் எண்ணி எழுதியதற்கு முதலில் நன்றி. போர்டு செத்திருந்தால் இப்படிக் கணக்காகச் சிமிட்டாது.

பை 4-ல் முதலில் ஓடும் நிரல் போர்டிலேயே ஒரு சிறு சிப்பில் இருக்கிறது. அது மெமரி கார்டைத் திறந்து, தொடக்கக் கோப்பைத் தேடும். அது கிடைக்காவிட்டால் 4 சிமிட்டல். அடுத்து வேண்டிய கெர்னல் கோப்பு, அதாவது சிஸ்டத்தின் மையமான கோப்பு, இல்லையென்றால் 7. போர்டில் உள்ள மெமரி சிப்பிலேயே கோளாறு என்றால் 8. அதற்குத்தான் நான் பயப்படுவேன். உங்களுடையது 4. கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போயிருக்கும், கோப்புகள் குலைந்திருக்கும் என்பது என் கணிப்பு.

உறுதி செய்துகொள்ள, பென் டிரைவ், கீபோர்டு எல்லாவற்றையும் கழற்றுங்கள். கார்டையும் எடுத்துவிடுங்கள். பையில் டிவிக்கான துளைகள் இரண்டு உண்டு. கரன்ட் வயர் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பதில்தான் கேபிளைப் போடவேண்டும். டிவியை முதலில் போட்டுவிட்டு, அப்புறம் பைக்குக் கரன்ட் கொடுங்கள். கார்டு இல்லாமலே திரையில் சில வரிகள் வந்தால் போர்டு பிழைத்திருக்கிறது. மிகப் பழைய போர்டுகளில் இந்தத் திரை வராது, அதனால் வராவிட்டாலும் கலங்கவேண்டாம்.

இனி கார்டு. அதை விண்டோஸ் கம்ப்யூட்டரில் போட்டால், "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கும். தயவுசெய்து சரி என்று அமுக்கிவிடாதீர்கள். பாடக்குறிப்புகள் இருக்கும் பகுதி, பையில் ஓடும் லினக்ஸ் என்ற சிஸ்டத்துக்கானது, விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது, அதனால்தான் அப்படிக் கேட்கிறது. லினக்ஸ் வைத்திருக்கும் யாரிடமாவது கொடுத்தால் குறிப்புகளை வெளியே எடுக்க வாய்ப்பு இருக்கிறது. பிள்ளைகளுக்காக உட்கார்ந்து தயாரித்தவை. அவற்றைக் காப்பாற்றிய பிறகுதான் மற்ற வேலை.

அப்புறம் வேறொரு நல்ல கார்டில், ராஸ்பெரி பை இமேஜர் என்ற இலவச மென்பொருளால் சிஸ்டத்தைப் புதிதாக எழுதுங்கள். விலை மிகவும் குறைவாகக் கிடைக்கும் கார்டை நம்பாதீர்கள். மேலே 64 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே மிகக் குறைவாக இருக்கும் போலிகள் புழங்குகின்றன.

சார்ஜரையும் மாற்றிவிடுங்கள். பை 4-க்கு 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் வேண்டும். செல்போன் சார்ஜரில் 33 வாட் என்று போட்டிருந்தாலும், அந்த வேகம் பெரும்பாலும் அதிக வோல்டேஜில்தான் வரும்; 5 வோல்ட்டில் 2 ஆம்பியர்தான் தருவது பல உண்டு. சார்ஜரின் மேல் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். வோல்டேஜ் 4.63-க்குக் கீழே இறங்கும்போது சிவப்பு விளக்கு அணைந்து எரியும், அதையும் கவனியுங்கள்.

கடைசியாக ஒன்று. நம் ஊரில் கரன்ட் போகத்தான் செய்யும். புது கார்டு ஓடத் தொடங்கியதும் ராஸ்பி-கான்ஃபிக் என்ற, பையின் அமைப்புகளை மாற்றும் நிரலில் 'ஓவர்லே ஃபைல் சிஸ்டம்' என்பதை இயக்கிவிடுங்கள். அதற்குப் பிறகு பை கார்டில் எதுவும் எழுதாது, திடீரென்று அணைந்தாலும் கோப்புகள் குலையாது. புதுக் குறிப்பு ஏற்றும் நாளில் மட்டும் அதை நிறுத்தி ரீஸ்டார்ட் செய்து, ஏற்றி முடித்ததும் மறுபடி இயக்கவேண்டும். இல்லையென்றால் ஏற்றியது அடுத்த தடவை அணைந்ததும் மறைந்துவிடும்.