பில்லிங் சாப்ட்வேரை எப்போதும் 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்தே திறக்கலாமா?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது: கடையில் உள்ள பில்லிங் சாப்ட்வேர் சாதாரணமாகத் திறந்தால் பிழை காட்டுகிறது. போட்டுக் கொடுத்தவர் 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற இடத்தில் ஒரு டிக் அடித்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து நன்றாக ஓடுகிறது. இப்படியே விட்டால் ஆபத்தா?

விட வேண்டாம் என்பதுதான் என் பதில். சாப்ட்வேரை நிறுவும் அன்று அட்மின் உரிமை கொடுப்பதில் தப்பே இல்லை. பெரும்பாலானவற்றை அது இல்லாமல் நிறுவவும் முடியாது. ஆனால் தினமும் பில் போடவே அந்த உரிமை வேண்டும் என்று ஒரு சாப்ட்வேர் அடம் பிடித்தால், உள்ளே எங்கோ ஒரு சின்னக் கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். டிக் அடித்தவர் அதைச் சரிசெய்யவில்லை, மறைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நான் தேனி மாவட்டம் கம்பம் ஊரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பாதி வேலை மலைக்கு மேலேதான், கேரளப் பக்கம்: குமுளி, அணக்கரை, வண்டன்மேடு என்று ஏலக்காய் வியாபாரிகளின் கடைகள். இந்த டிக் இல்லாத கணக்குக் கம்ப்யூட்டரை அங்கே பார்ப்பது அபூர்வம். பிரிண்டர் வேலை செய்யவில்லையா, டிக். தேதி தப்பாக வருகிறதா, டிக். தலைவலிக்கும் கால்வலிக்கும் ஒரே மாத்திரை.

முதலில், அந்த டிக் என்ன செய்கிறது என்று பார்ப்போம். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில், நிறுவும்போது உருவாக்கும் கணக்கு எல்லாமே அட்மின் கணக்காகத்தான் இருக்கும். எந்த புரோகிராமைத் திறந்தாலும் அதற்கும் முழு அதிகாரம். அந்தக் காலத்து வைரஸ்களுக்கு அது பெரிய கொண்டாட்டம். 2007இல் விஸ்டா வந்தபோது மைக்ரோசாஃப்ட் இதை மாற்றியது. நீங்கள் அட்மின் கணக்கில் நுழைந்தாலும், விண்டோஸ் உங்கள் பெயரில் இரண்டு அடையாளச் சீட்டுகளைத் தயாரித்து வைத்துக்கொள்ளும். ஒன்று சாதாரண உரிமை மட்டும் உள்ளது, இன்னொன்று முழு உரிமை உள்ளது. நீங்கள் திறக்கும் புரோகிராம்களுக்கெல்லாம் முதல் சீட்டுதான் போகும். திரை மங்கி, 'அனுமதிக்கலாமா' என்று கேட்டு, நீங்கள் 'யெஸ்' அழுத்தினால்தான் இரண்டாவது சீட்டு வெளியே வரும். திரை மங்குவது அழகுக்காக அல்ல. அந்த நேரத்தில் மற்ற புரோகிராம்கள் உங்களுக்குப் பதிலாக 'யெஸ்' அழுத்திவிடக் கூடாது என்று அந்தக் கேள்வியைத் தனித் திரையில் காட்டுகிறார்கள்.

முழு உரிமைச் சீட்டு கிடைத்த புரோகிராம் விண்டோஸ் ஃபோல்டரில் எழுதலாம், பின்னணியில் தானாக ஓடும் சர்வீஸ் ஒன்றை நிறுவலாம், ஆன்டிவைரஸை நிறுத்தப் பார்க்கலாம், இன்னொருவர் கணக்கில் உள்ள ஃபைல்களைப் படிக்கலாம். பலருக்குத் தெரியாத விஷயம் வேறொன்று: அந்த புரோகிராமுக்குள்ளிருந்து எதைத் திறந்தாலும் அதற்கும் அதே உரிமை ஒட்டிக்கொண்டு போகும். பில்லிங் சாப்ட்வேரில் 'எக்செலுக்கு அனுப்பு' என்று அழுத்தினால் எக்செல் அட்மினாகத் திறக்கலாம். 'உதவி' என்பதை அழுத்தி பிரவுசர் திறந்தால் அதுவும் அப்படித் திறக்கலாம். ஏலக்காய் பறிக்க வந்தவரிடம் ஸ்டோர் சாவியைக் கொடுத்தால், அவர் கூட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கும் கதவு திறந்ததுதானே.

சரி, ஒரு பில்லிங் சாப்ட்வேருக்கு ஏன் இந்த உரிமை வேண்டியிருக்கிறது? பத்தில் ஒன்பது இடத்தில் காரணம் சப்பென்று இருக்கும். சாப்ட்வேர் எழுதியவர் தன் டேட்டா ஃபைலை சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே வைத்திருப்பார். அங்கே சாதாரண உரிமையில் எழுத முடியாது. எக்ஸ்பி காலத்துப் பழக்கம் அது. அப்போது எங்கே எழுதினாலும் போகும் என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

இதில் சில சாப்ட்வேர் பிழை காட்டும், அது நல்லது. காட்டாமல் ஓடுகிறவைதான் தொல்லை. குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடை. முதலாளி போன் செய்தார்: "தம்பி, வியாழக்கிழமை வரைக்கும் பில் இருக்கு. அதுக்கப்புறம் போட்டது ஒண்ணையும் காணோம். வைரஸ் ஏதும் பூந்துருச்சா?" போனால், கணக்கு எழுதும் மலையாளிப் பெண் கண் கலங்கி நிற்கிறார். "ஞான் ஒண்ணும் டிலீட் செய்திட்டில்ல சேட்டா." லோடு லாரி வெளியே நிற்கிறது. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் சரக்கு மாநில எல்லை தாண்டினால் இ-வே பில் வேண்டும், அதற்குப் பழைய பில் விவரம் வேண்டும்.

அந்தப் பெண் சொன்னது சத்தியம். எதுவும் அழியவில்லை. வியாழக்கிழமை டெஸ்க்டாப்பைச் சுத்தம் செய்தபோது பழைய ஷார்ட்கட் போய், புதிது ஒன்று வைத்திருக்கிறார்கள். அட்மின் டிக் இருந்தது பழைய ஷார்ட்கட்டில். புதிதில் இல்லை. பழைய 32 பிட் புரோகிராம் ஒன்று சாதாரண உரிமையில் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுதப் பார்த்தால், விண்டோஸ் சில சமயம் பிழை காட்டாமல் ஒரு தந்திரம் செய்யும். அந்த ஃபைலைப் பிரதி எடுத்து, உங்கள் கணக்கின் ஆப்டேட்டாவில், லோக்கல் என்பதற்குள் வர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஃபோல்டரில் வைத்து, எழுதுவதையெல்லாம் அங்கே எழுத வைக்கும். புரோகிராமுக்கு இது தெரியவே தெரியாது. முதலாளி சனிக்கிழமை வேறொரு இடத்திலிருந்து அட்மினாகத் திறந்ததும், அது அசல் ஃபைலைக் காட்டியது. அதில் வியாழன் வரைதான் இருக்கும். வெள்ளிக்கிழமை பில்லெல்லாம் வர்ச்சுவல்ஸ்டோரில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரே கடைக்கு இரண்டு கணக்குப் புத்தகம், எது எப்போது திறக்கும் என்பது ஷார்ட்கட்டைப் பொறுத்தது.

இதற்கு மருந்து சுலபம். சாப்ட்வேர் அமைப்பில் டேட்டா இருக்கும் இடத்தை மாற்ற வழி இருந்தால் டி டிரைவில் ஒரு ஃபோல்டர் போட்டு அங்கே மாற்றிவிடுங்கள். வழி இல்லையென்றால், அந்த டேட்டா ஃபோல்டரை மட்டும் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்டீஸில் செக்யூரிட்டிக்குப் போய், யூசர்ஸ் என்பதற்கு 'மாடிஃபை' உரிமை கொடுங்கள். மொத்த சாப்ட்வேர் ஃபோல்டருக்கும் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் எந்தச் சாதாரண வைரஸும் அங்கே உள்ள புரோகிராம் ஃபைலையே மாற்றி வைக்கலாம். அடுத்த முறை யாராவது அதை அட்மினாகத் திறந்தால் கதை முடிந்தது. அப்புறம், வர்ச்சுவல்ஸ்டோரில் பழைய பிரதி கிடந்தால் அதைப் பெயர் மாற்றி வேறிடத்தில் வையுங்கள். இல்லையென்றால் புரோகிராம் மறுபடி அதைத்தான் முதலில் எடுக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டு பிரதிகளையும் பென் டிரைவில் எடுத்துக்கொள்வதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன், இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

அட்மினாக ஓட்டுவதில் பாதுகாப்பு தவிர வேறு தொல்லைகளும் உண்டு. இன்னொரு கம்ப்யூட்டரில் உள்ள ஃபோல்டரை இசட் டிரைவ் என்று இணைத்து வைத்திருப்பீர்கள். மை கம்ப்யூட்டரில் தெரியும், ஆனால் அட்மினாகத் திறந்த புரோகிராமுக்குள் அது தெரியாது. காரணம் அந்த இரண்டு சீட்டுதான்: டிரைவை இணைத்தது ஒரு சீட்டு, தேடுவது இன்னொன்று. டெஸ்க்டாப்பிலிருந்து ஒரு ஃபைலை இழுத்து அட்மின் ஜன்னலில் போட்டால் விழாது. தமிழ் தட்டச்சு செய்கிறவர்கள் இதைவிட நொந்துபோவார்கள். பின்னணியில் ஓடி, ஆங்கில விசைகளைத் தமிழாக மாற்றித் தரும் மென்பொருள் சாதாரண உரிமையில் ஓடினால், அட்மினாகத் திறந்த ஜன்னலில் தமிழ் விழாமல் போகும். கீழே உள்ளது மேலே உள்ளதற்குள் கை நுழைக்கக் கூடாது என்பது விதி. உடனே என்ன செய்வார்கள்? அந்தத் தட்டச்சு மென்பொருளுக்கும் ஒரு டிக். நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும், பாஸ்வேர்டு உட்பட, பார்க்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் புரோகிராமுக்கு முழு அதிகாரம். இதற்கு மட்டும் நான் கடைக்காரர்களிடம் கொஞ்சம் குரலை உயர்த்துவதுண்டு.

இதைப் படித்துவிட்டு, 'அட்மின் கொடுக்காவிட்டால் வைரஸ் ஒன்றும் செய்யாது' என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் பில், உங்கள் எக்செல், உங்கள் பிள்ளையின் பிறந்தநாள் போட்டோ இவையெல்லாம் உங்கள் சாதாரண உரிமையிலேயே மாற்றக்கூடியவை. ஆகவே ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்கு அவற்றைப் பூட்ட அட்மின் உரிமை தேவையே இல்லை. அட்மின் கிடைத்தால் கூடுதலாக, விண்டோஸ் எடுத்து வைத்திருக்கும் பழைய பிரதிகளையும் அழித்துவிட்டுப் போகும். நீங்கள் மீட்க நினைக்கும் கடைசி வழியும் அடைபடும். 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய வான்னக்ரை என்ற ரான்சம்வேர், வயநாட்டில் ஒரு பஞ்சாயத்து அலுவலகக் கம்ப்யூட்டர்களையும் பிடித்தது. அது யாரிடமும் 'யெஸ்' கேட்கவில்லை. விண்டோஸில் இருந்த ஓட்டை வழியாக நெட்வொர்க்கிலேயே நுழைந்தது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. போட்டிருந்தவர்கள் தப்பித்தார்கள். அதனால் அப்டேட்டும், கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வைத்த பேக்கப்பும் வேறு. அட்மின் டிக் வேறு. ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது.

என் கடைக்கு ரான்சம்வேரோடு வரும் கம்ப்யூட்டர்களில் அதிகம் கிராக் செய்த சாப்ட்வேர் போட்டவைதான். அதன் கூடவே வரும் குறிப்பைப் படித்திருப்பீர்கள்: 'ஆன்டிவைரஸை நிறுத்துங்கள், அட்மினாக இயக்குங்கள்.' திருடனே வந்து நாயைக் கட்டிப்போடச் சொல்கிறான், நாமும் கட்டிப்போடுகிறோம். டிஜேவியூ என்ற ரான்சம்வேர் குடும்பம் பரவியதே பெரும்பாலும் இந்தக் கிராக்குகள் வழியாகத்தான்.

இன்னொரு இடத்திலும் கவனம் வேண்டும். தூரத்திலிருந்து உங்கள் கம்ப்யூட்டரைப் பார்க்க எனிடெஸ்க் போன்றவற்றைத் திறக்கச் சொல்வார்கள். நிறுவாமல் சும்மா திறந்தால், அனுமதி கேட்கும் திரை வரும்போது அவருக்கு ஒன்றும் தெரியாது, அழுத்தவும் முடியாது. அதனால் 'அதையும் அட்மினாகத் திறங்க சார்' என்பார். தெரிந்த ஆளாக இருந்தால் சரி. வங்கியிலிருந்து பேசுகிறேன், ரீஃபண்ட் தருகிறேன் என்று தானாக அழைத்தவர் சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

நியாயமான விதிவிலக்குகளும் உண்டு. ஜிஎஸ்டி தளத்தில் டிஜிட்டல் கையெழுத்துப் போட உதவும் எம்சைனரை அட்மினாகத் திறக்கச் சொல்லி வழிகாட்டியிலேயே போட்டிருக்கிறார்கள். கையெழுத்து டோக்கனைச் செருகி, வேலையை முடித்து, மூடிவிடுங்கள். அனுமதித் திரை நீலமாக வந்து, தயாரித்தவர் பெயரும் இருந்தால், அந்த ஃபைல் அவர் கையெழுத்திட்டது என்பது உறுதி. அவர் நல்லவரா என்பதை அது சொல்லாது. மஞ்சளாக வந்து 'தயாரித்தவர் தெரியவில்லை' என்றால் நின்று யோசியுங்கள்.

கடைக் கம்ப்யூட்டருக்கு என் யோசனை, இரண்டு கணக்கு. ஒன்று அட்மின், பாஸ்வேர்டு முதலாளியிடம் மட்டும். கணக்கு எழுதுபவருக்கு ஸ்டாண்டர்டு யூசர். அப்போது அனுமதித் திரை வெறும் 'யெஸ்' கேட்காது, பாஸ்வேர்டு கேட்கும். கேரள அரசுப் பள்ளிகளில் கைட் நிறுவனம் தரும் உபுண்டு லினக்ஸில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. லினக்ஸில் அட்மின் உரிமை கேட்கும் கட்டளையான சூடோ என்று அடித்தால் பாஸ்வேர்டு கேட்பதைப் பார்த்தே வளர்கிறார்கள். வண்டிப்பெரியாற்றுப் பிள்ளை ஒன்று அப்பாவின் கடையில் உட்கார்ந்து 'இதுல பாஸ்வேர்டே கேக்காதா?' என்று என்னிடம் கேட்டது நியாயமான கேள்வி. ஒரே அட்மின் கணக்குக்குள் வரும் அந்த 'யெஸ்' திரையை உடைக்க முடியாத மதில் என்று தாங்கள் கருதுவதில்லை என மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. தனி ஸ்டாண்டர்டு கணக்குதான் உண்மையான மதில்.

உங்கள் சாப்ட்வேர்காரரைக் கூப்பிட்டு, 'எந்த ஃபைலில், எந்த ஃபோல்டரில் எழுத முடியாமல் பிழை வருகிறது?' என்று கேளுங்கள். பதில் வந்தால் மேலே சொன்னபடி அந்த ஃபோல்டருக்கு மட்டும் உரிமை கொடுத்து, டிக்கை எடுத்துவிடலாம். 'அது அப்படித்தான் சார்' என்றால், எந்த புரோகிராம் எந்த ஃபைலைத் தொடுகிறது என்று காட்டும், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ப்ராசஸ் மானிட்டரை இறக்குங்கள். டிக்கை எடுத்துவிட்டு பில்லிங் சாப்ட்வேரைத் திறந்து பிழையை வரவழையுங்கள். மானிட்டரில் 'ஆக்சஸ் டினைடு' என்று வந்த வரிகளை மட்டும் வடிகட்டிப் பார்த்தால், ஃபைல் பெயரோடு காரணம் அங்கேயே இருக்கும். அந்த ப்ராசஸ் மானிட்டரைத் திறக்க அட்மின் உரிமை வேண்டும். அதற்குத் தாராளமாகக் கொடுங்கள்.